கோப்பை வந்த வருஷம்: ஒரு பொறுப்பாசிரியர் பட்டதும் செலவழித்ததும்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி 2023-24 கல்வியாண்டில் கல்லூரிகளுக்கு இடையிலான பல்கலைக்கழகப் போட்டியில் கோப்பை வென்றது. அந்த அணிக்கு நான்தான் பொறுப்பாசிரியர். நான் பாடம் நடத்துவது வணிகவியல். உடற்கல்வி இயக்குநர் பணியிடம் அந்த வருஷம் காலியாக இருந்தது. ஆசிரியர்களில் வயது குறைந்தவன் என்பதால் பொறுப்பு என் கைக்கு வந்தது. பந்தை எப்படி உதைப்பது என்று பையன்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அது அவர்களுக்கே தெரியும். ஆனால் ஓர் அணியை ஊரிலிருந்து கிளப்பி, மைதானத்தில் இறக்கி, உடம்புக்கு ஒன்றும் ஆகாமல் வீட்டில் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்று எனக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் இன்னொரு ஆசிரியர் கையில் இப்படி ஓர் அணி வந்து சேர்ந்தால் அவருக்காவது உதவட்டும் என்றுதான் பணக்கணக்கு உட்பட எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

முதலில் பையன்களைப் பற்றி. பதினெட்டுப் பேரில் பாதிக்கு மேல் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகள். மூன்று பேர் பெரியபட்டினம், இரண்டு பேர் கீழக்கரை, ஒருவன் தேவிபட்டினம், மீதிப் பேர் ராமநாதபுரம் டவுன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் வெயில் தாழ்ந்தால் போதும், மணலில் பந்து உருண்டுகொண்டே இருக்கும். அதனால் கல்லூரி திறக்கும்போது இவர்கள் உடம்பு நல்ல பதத்தில் இருந்தது. இந்தத் தடவை கோப்பை நமக்குத்தான் என்ற பேச்சும் கிளம்பிவிட்டது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரமே பயிற்சிக்கு வருகிறவர்கள் ஏழெட்டுப் பேராகிவிட்டார்கள். காலியான மைதானத்தில் விசிலோடு நின்றது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. பையன்களுக்கு அக்கறை இல்லையோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு பையனுடைய அப்பா, பாம்பனில் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி, அவர்தான் விளக்கினார். "வாத்தியாரே, நம்ம விசைப்படகு திங்கள், புதன், சனி போவும். போனா மறுநாள் காலைலதான் கரை. மீன் இறக்கி, வலையைச் சுத்தம் பண்ணிட்டுப் பய படுக்கவே பத்து மணி ஆயிரும். நீங்க திங்கக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டா எப்புடி வருவான்?" ராமேஸ்வரம் தீவுக்கு வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். விசைப்படகு போகாத நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துக்கொண்டு தொழில் நடக்கிறது. அன்றைக்கே பயிற்சி அட்டவணையைக் கிழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். வெள்ளிக்கிழமை முழு ஆட்டம். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலையில் லேசான பயிற்சி, பந்து கடத்துவது, கார்னர் பழகுவது. அதற்கப்புறம் பதினான்கு பேருக்குக் குறைந்து மைதானத்தில் நான் பார்த்ததில்லை. கடற்கரை ஊர் அணியை எடுக்கிறீர்கள் என்றால், முதல் வேலையாக யார் யார் கடலுக்குப் போகிறார்கள், என்ன படகு, என்றைக்குப் போகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல் தரை. மணலில் பந்து உருளாது. அதனால் இவர்கள் எல்லாப் பந்தையும் காலால் கொத்தித் தூக்கித்தான் கொடுப்பார்கள். கெண்டைக்கால் அசாத்திய பலம், ஆனால் ஆட்டம் மேலேயே நடக்கும். காரைக்குடிப் பக்கம் இறுகிய செம்மண். நட்புமுறை ஆட்டம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனபோது நான்கு கோல் வாங்கிக்கொண்டு திரும்பினோம். எங்கள் கோலி, அதாவது கோல்கீப்பர், வேனில் ஏறி உட்கார்ந்ததும், "சார், குத்துன பந்து என் தலைக்கு மேல போவுது சார். நம்ம ஊருல அது அங்கயே செத்துரும்" என்றான். அவன் சொன்னதுதான் முழு விஷயமும். காற்றை எவ்வளவு ஏற்றுவது என்பதுகூட அப்போது எங்களுக்குத் தெரியாது. போட்டிப் பந்துக்கு 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை காற்று இருக்கலாம் என்பது விதி. கடினத் தரையில் பழகும்போது கீழ் அளவை ஒட்டி வைத்துக்கொண்டால் கட்டுப்படுத்தப் பழகுவது எளிது. போட்டி நெருங்கும்போது ரெஃப்ரி வைக்கிற அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம். சைக்கிள் கடையில் குத்துமதிப்பாக அடிக்காமல், அளவு காட்டுகிற சின்ன பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். அப்புறம் ராமநாதபுரம் டவுன் பக்கத்தில் கெட்டித் தரை ஒன்றைப் பிடித்து, வெள்ளிக்கிழமை ஆட்டத்தை அங்கே மாற்றினேன். அந்தத் தரையைச் சுற்றிச் சீமைக்கருவேலம். முள் ஏறி இரண்டு பந்து போய்விட்டது, ஒவ்வொன்றும் 950 ரூபாய். அன்றிலிருந்து பயிற்சிக்கு முன்னால் எல்லோரும் வரிசையாகக் கைகோத்த மாதிரி நடந்து முள் பொறுக்கிச் சாக்கில் போடுவோம். பந்து தப்பித்தது மட்டுமில்லை, கால்களும் தப்பித்தன.

பூட்ஸ் விஷயத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஒன்பது பையன்களிடம் பூட்ஸே கிடையாது. வெறுங்காலில் ஆடி வளர்ந்தவர்கள், வெறுங்காலில் அடிக்கிற அடிதான் அவர்களுக்கு அடி. ஆனால் கால்பந்து விதிப்படி பூட்ஸ், நீளக் காலுறை, முழங்காலுக்குக் கீழே கட்டும் சின் கார்டு மூன்றும் கட்டாயம். சின் கார்டு இல்லாதவனை ரெஃப்ரி கோட்டுக்குள்ளேயே விடமாட்டார். பூட்ஸைப் போட்டிக்கு முந்தின வாரம் வாங்கினால் குதிகாலில் கொப்புளம் வந்து ஆளே ஓடமுடியாது. குறைந்தது ஒரு மாதம் முன்னால் வாங்கி, முதலில் வீட்டில் போட்டு நடக்கச் சொல்லுங்கள். பூட்ஸின் அடியில் இருக்கிற குமிழ்தான் ஸ்டட். எங்கள் தரைகளுக்கு அடியோடு வார்த்த ரப்பர் ஸ்டட்தான் சரி. கழற்றி மாட்டுகிற உலோக ஸ்டட் புல் தரைக்கானது, செம்மண்ணில் முழங்காலைத்தான் தாக்கும்.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். ஆட்டத்தைவிட என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்தது தகுதிப் படிவம்தான். ஒவ்வொரு பையனுக்கும் ஒட்டிய போட்டோ மேல் முதல்வர் கையெழுத்து, முத்திரை, பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ், அந்த வருஷக் கல்விக் கட்டண ரசீது, அடையாள அட்டை என்று கேட்டார்கள். பதினெட்டுப் பேர் கொடுத்ததையும் பரப்பி வைத்துப் பார்த்தபோது, ஒருவனுக்கு ஆதாரில் ஒரு இனிஷியல், சான்றிதழில் வேறு இனிஷியல். ஒருவன் கட்டணமே கட்டவில்லை, படகுப் பங்குப் பணம் வந்ததும் கட்டுவதாக இருந்தானாம். பெரியபட்டினம் பையன் ஒருவன் இதற்கு முன் வேறொரு கல்லூரியில் ஒரு வருஷம் படித்திருந்தான். அங்கிருந்து மாற்றுச் சான்றிதழின் நகல் வேண்டும். எங்கள் ஸ்டாப்பர், அதாவது நடுத் தடுப்பாட்டக்காரன், இடையில் படிப்பை விட்டுக் கடலுக்குப் போய்விட்டு மறுபடி சேர்ந்தவன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு வயது வரம்பு 25. அவன் பிறந்த தேதியை எண்ணிப் பார்க்கும்போது எனக்குக் கை நடுங்கியது. சில மாதங்கள்தான் மிச்சம் இருந்தன. கடைசித் தேதிக்கு முந்தின நாள் முதல்வர் ஊரில் இல்லை. அவர் வருகிற ரயிலுக்காக இரவு ராமநாதபுரம் ஸ்டேஷனில் காத்திருந்து, பிளாட்பாரத்திலேயே கையெழுத்து வாங்கினேன். முத்திரையைக் கல்லூரியிலிருந்து முன்கூட்டியே வாங்கிப் பையில் வைத்திருந்தேன்.

இதில் நான் சொல்லிக்கொள்வது ஒன்றுதான். ஜூலை மாதத்திலேயே ஒவ்வொருவனுக்கும் ஒரு கோப்பு போட்டுவிடுங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்திலும் இருக்கட்டும். ஆதாரைத் திருத்துவதானால் இ-சேவை மையத்துக்குப் போகவும் வரவும் நாள் வேண்டும். அசலை வாங்கி நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். போட்டி நாளன்று அசலைப் பையன் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டுவரட்டும்.

பணம். என் சம்பளம் அப்போது மாதம் 18,000 ரூபாய். சீருடை பதினெட்டு செட், தலா 480 வீதம் 8,640. பந்துகள், முள்ளுக்குப் போனதற்குப் பதில் வாங்கியதையும் சேர்த்து 5,700. சின் கார்டு 2,880. ஒன்பது ஜோடி பூட்ஸ் 9,900. கோலி கையுறை 850. போட்டிக்காகக் காரைக்குடிக்கு இரண்டு கட்டமாகப் போனதால் வேன் வாடகை 19,000. சாப்பாடும் தண்ணீர் கேனும் 14,000. தங்கிய இடத்துக்கு 4,000. முதலுதவிப் பெட்டி, கட்டுத்துணி, ஸ்ப்ரே எல்லாம் ஒரு 2,000. மொத்தம் 67,000 ரூபாயை ஒட்டி வந்தது. கல்லூரி முன்பணமாகக் கொடுத்தது 20,000. பழைய மாணவர்கள் சேர்ந்து 10,000 கொடுத்தார்கள். மிச்சம் 37,000 என் தலையில். கொஞ்சம் சேமிப்பு இருந்தது, அது போதவில்லை. மனைவியிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள், "புள்ளைங்க வெறுங்காலோட போய் நிக்கவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வளையலைக் கழற்றிக் கொடுத்தாள். அதை அடகு வைத்துவிட்டு வெளியே வந்தபோது பெருமையும் பயமும் சேர்ந்து தொண்டையை அடைத்தது. செலவு நடந்து முடிந்தபின் பில் கொடுங்கள், பணம் வரும் என்ற வார்த்தையை நம்பி இறங்குகிறவர்கள், எந்தெந்தச் செலவுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். தணிக்கைக்கு வருகிறவர் வேறு ஆள்.

முதல் சுற்று ஆட்டம் ஒரு வியாழக்கிழமை காலை. முந்தின நாள் புதன், அதாவது படகு போகிற நாள். நான்கு பையன்கள் போக வேண்டாம் என்று நின்றுவிட்டார்கள், பங்குப் பணத்தை விட்டுவிட்டு. மற்ற சிலரால் அப்படி முடியவில்லை. வீட்டில் அன்றைய அடுப்பு அந்தப் பணத்தில்தான். விடியற்காலை காற்று மாறிப் படகுகள் பிந்திவிட்டன. வேன் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டியும் ஒன்பது பேர்தான். அப்போது பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று போயிருந்தது. தீவிலிருந்து எல்லோரும் சாலைப் பாலத்தில் பஸ்ஸில்தான் வரவேண்டும். பின்னால் வருகிறவர்களைப் பஸ் பிடித்து வரச் சொல்லிவிட்டு ஒன்பது பேரோடு கிளம்பினேன். வழிநெடுக எனக்கு வயிற்றைப் புரட்டியது. ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டத்தைத் தொடங்கவே முடியாது என்பது விதி. ஒன்பது பேர் இருந்தால் தொடங்கலாம். வராத பையன்களின் பெயரும் ஆட்டம் தொடங்கும் முன் கொடுக்கிற பட்டியலில் இருந்தால், அவர்கள் வந்து சேர்ந்ததும் இறங்கலாம். பெயர் இல்லாவிட்டால் வாசலில் நின்று பார்க்க வேண்டியதுதான். இதை எனக்குச் சொன்னவர் அங்கே வந்திருந்த வேறொரு கல்லூரியின் வயதான உடற்கல்வி ஆசிரியர். அவர் சொல்லாவிட்டால் ஒன்பது பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருப்பேன். ஒன்பது பேரும் கோலுக்கு முன்னால் சுவர் எழுப்பி நின்றார்கள். முதல் பாதியில் பாதி நேரம் ஓடுவதற்குள் மீதிப் பேர் ஆட்டோவிலிருந்து குதித்து வந்தார்கள். ஒருவன் முழங்கையில் மீன் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது, அதோடேயே சீருடையை மாட்டிக்கொண்டு இறங்கினான். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம்.

காலிறுதிக்கு முன்னால் நடந்ததை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. எங்கள் முன்கள ஆட்டக்காரன், அணியில் அதிக கோல் போட்டவன், தங்கச்சிமடத்துப் பையன். திங்கட்கிழமை போன அவன் அப்பாவின் படகு செவ்வாய் காலை திரும்பவில்லை. மதியம் செய்தி வந்தது, இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று. இந்தக் கரையில் இருக்கிற எந்த வீட்டுக்கும் இது புதிதில்லை, ஆனால் தன் வீட்டுக்கு வரும்போதுதான் அதன் கனம் தெரிகிறது. நான் போனபோது வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். அவன் அம்மா ரேஷன் அட்டை, படகுச் சான்று, அப்பாவின் போட்டோ எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையன் என்னைப் பார்த்ததும், "சார், என் பேரை எடுத்துருங்க சார்" என்றான். நான் எடுக்கவில்லை. பட்டியலில் அவன் பெயர் கடைசி வரை இருந்தது. அவன் ஆட வரவும் இல்லை, வரச்சொல்லி நான் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மற்ற பையன்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அரிசி, பருப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அவன் அப்பா மார்கழியில் வீடு திரும்பினார். படகு திரும்பவில்லை.

எல்லா இடத்துக்கும் இரண்டாவது ஆள் வேண்டும் என்று பயிற்சிப் புத்தகங்கள் சொல்வது காயத்துக்காக. நம் கரையில் அதற்கு இந்தக் காரணமும் சேர்ந்துகொள்கிறது. நல்லவேளையாகக் கீழக்கரைப் பையன் ஒருவனை இடது விங்கிலிருந்து நடுவே கொண்டுவந்து வெள்ளிக்கிழமைகளில் பழக்கி வைத்திருந்தோம். அவன்தான் காலிறுதியில் இரண்டு கோலும் போட்டான்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போட்டி நாளில் மதியம் பிரியாணி வாங்கித்தர ஆசையோடு பலர் வருவார்கள். ஆட்டம் முடிந்தபின் வாங்கித்தரச் சொல்லுங்கள். காலையில் இட்லி, ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வாழைப்பழம், பாதி நேரத்தில் கடலை மிட்டாய் ஒரு துண்டு, இதுதான் எங்களுக்கு ஒத்துவந்தது. எங்கள் மாவட்டத்தில் பல ஊர்த் தண்ணீர் உப்பு, பையன்கள் அதனாலேயே குறைவாகக் குடித்துப் பழகியவர்கள். செம்மண் வெயிலில் அது கெண்டைக்கால் பிடிப்பில் கொண்டுவந்து விடும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டின அளவு. இதைக் கலந்து தாகம் எடுக்கும் முன்னாலேயே குடிக்கவைத்தோம்.

அரையிறுதியில்தான் அந்தக் காயம். இரண்டாம் பாதி. எங்கள் இடது பேக், மண்டபத்துப் பையன், பந்தைத் தடுக்கத் திரும்பினான். யாரும் அவன்மேல் மோதவில்லை. பாதம் தரையில் ஊன்றியபடி நின்றது, உடம்பு மட்டும் திரும்பியது. கோட்டுக்கு வெளியே நின்ற எனக்கே 'டக்' என்று கேட்டது. விழுந்தவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கவும் செய்தான், "ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்றான். இரண்டு எட்டு வைத்ததும் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். வேனில் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்திருந்தோம், மீன் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தது. பெட்டியைத் திறந்ததும் நெத்திலி வாடை. அந்த ஐஸைத் துண்டில் சுற்றி முழங்காலில் வைத்து, நெகிழ்வான கட்டுத்துணியால் சுற்றி, காலைப் பைகளின் மேல் உயர்த்தி வைத்தோம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, ஒரு தடவைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கூடாது. அன்று செய்ததில் அது ஒன்றுதான் சரியான வைத்தியம் என்று பிறகு டாக்டர் சொன்னார்.

ஆட்டம் முடிவதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது. இதை மனதில் வையுங்கள்: 'டக்' என்ற சத்தம், ஓரிரு மணி நேரத்துக்குள் வீக்கம், நிற்கும்போது கால் நழுவுகிற உணர்வு, இந்த மூன்றும் இருந்தால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அன்றிரவு அவன் மாமா வந்து எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போய் எண்ணெய் போட்டு உருவிக் கட்டலாம் என்றார். பாசத்தில் சொன்னதுதான், அவர்கள் குடும்பத்தில் எல்லாக் காயத்துக்கும் அங்கேதான் போவார்கள். "மாமா, எலும்பா ஜவ்வான்னு தெரியாம உருவ வேண்டாம், ஒரு நாள் பொறுங்க" என்று கெஞ்சினேன். மறுநாள் எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது, அதைப் பார்த்து எல்லோரும் நிம்மதிப்பட்டார்கள். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. எம்ஆர்ஐ எடுத்தபின்தான் முன் குறுக்குத் தசைநார் (ஏசிஎல்) என்கிற ஜவ்வு முழுக்கக் கிழிந்திருப்பது தெரிந்தது. எம்ஆர்ஐக்கும் வண்டிக்கும் 8,500 ரூபாய் ஆனது, அதையும் நானே கொடுத்தேன். அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. அவன் அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தைகூடக் கடிந்து சொல்லாமல் டீ போட்டுக் கொடுத்தார். அன்று இரவு என்னால் சாப்பிட முடியவில்லை.

அவர்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம், வருமானச் சான்றும் ரேஷன் அட்டையும் வேண்டும். காயம் பட்டபிறகு வருமானச் சான்றுக்கு அலைவது எவ்வளவு கொடுமை என்று பார்த்துவிட்டேன். தகுதிப் படிவத்துக்குக் காகிதம் சேகரிக்கும் அதே ஜூலை மாதத்தில் வீட்டில் இந்த அட்டை இருக்கிறதா என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 20 ரூபாயில் வங்கிக் கணக்கு வழியாகச் சேருகிற பிரதமர் சுரக்‌ஷா பீமா விபத்துக் காப்பீட்டிலும் சேர்த்துவிடலாம். ஆனால் அது விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும்தான், எம்ஆர்ஐக்கும் அறுவைக்கும் அதில் ஒரு ரூபாய் வராது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்த பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன்.

இறுதி ஆட்டத்தில் முன்கள ஆட்டக்காரனும் இல்லை, இடது பேக்கும் இல்லை. எதிரணி மூன்று வருஷமாக இறுதிக்கு வந்துகொண்டிருந்த அணி. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். பாதி நேரத்தில் நான் எதுவும் பேசவில்லை, தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தேன். பேசியது எங்கள் ஸ்டாப்பர்தான். "கீழயே கொடுங்கடா, மேல தூக்காதீங்க" என்று ஒரே பேச்சு. மணலில் வளர்ந்த பையன் தரைப்பந்து ஆடச்சொல்லி மற்றவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குக் கண்ணில் நீர் வரவழைத்தது. இரண்டாம் பாதியில் கார்னரில் அவனே தலையால் முட்டிச் சமன் செய்தான். கடைசிக் கட்டத்தில் எதிரணிக் கோலி கையில் பட்டுத் தெறித்த பந்தைக் கீழக்கரைப் பையன் உள்ளங்காலால் உள்ளே தள்ளினான். இரண்டுக்கு ஒன்று. அப்புறம் மிச்சமிருந்த நிமிஷங்களை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை. மண்டபத்துப் பையன் போனில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான், விசில் ஊதியதும் போனைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஊர்வலம், மாலை, பேனர் எல்லாம் நடந்தது. அதற்கு அடுத்த வாரம் பில் வேலை தொடங்கியது. வேன்காரர் வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்த ரசீது ஏற்கப்படவில்லை. சாப்பாட்டுக் கடை பில்லில் தேதி இல்லை. பூட்ஸ் தனிநபர் பொருள் என்று கழித்துவிட்டார்கள். கடைசியில் எனக்குத் திரும்பி வந்தது 14,500 ரூபாய். எம்ஆர்ஐ செலவைச் சேர்த்தால் 31,000 ரூபாய் என்னோடு போனது. வளையலை மீட்க அடுத்த வருஷம் ஆடி வரை ஆயிற்று. ஒவ்வொரு பில்லிலும் கல்லூரி பெயர், தேதி, கடையின் ஜிஎஸ்டி எண் அல்லது முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே பாருங்கள். வேனை நம்பர் எழுதிய ரசீது கொடுக்கிறவரிடம் மட்டும் பேசுங்கள். பூட்ஸை விளையாட்டு அறையின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பையனுக்கு இரவலாகக் கொடுத்தால் செலவு செல்லும் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார்.

வருகைப் பதிவும் இப்படித்தான். 75 சதவீதம் இல்லையென்றால் தேர்வு எழுதுவதில் சிக்கல். கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஏற்கெனவே குறைவு. போட்டி நாள்களுக்கான ஆன் டியூட்டிக் கடிதத்தைத் திரும்பி வந்தபின் கொடுக்கலாம் என்று விடாதீர்கள். கிளம்பும் முன்பே தேதியோடு, பெயர்ப் பட்டியலோடு, துறைத்தலைவர் கையெழுத்தோடு கொடுத்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். உள்தேர்வு அதே நாளில் விழுந்தால் மறுதேர்வு தேதியையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். சான்றிதழை மேடையிலிருந்து இறங்கியதும் பிரித்துப் பாருங்கள். எங்களில் இரண்டு பேருக்குப் பெயர் தப்பாக இருந்தது, அன்றைக்கே திருத்தியது நல்லதாகப் போயிற்று. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. கல்லூரி அளவில் கோப்பை வாங்கியது மட்டும் அதற்குப் போதாது. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்குத்தான் மதிப்பு அதிகம். ஆகவே கோப்பையோடு களைத்துப்போய் உட்கார்ந்துவிடாமல் பல்கலைக்கழக அணித் தேர்வு என்றைக்கு என்று உடனே விசாரியுங்கள். எங்களிலிருந்து ஸ்டாப்பரும் கோலியும் தேர்வானார்கள்.

மண்டபத்துப் பையனுக்கு மதுரை அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும் என்றார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த தாளை அவன் அம்மா அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்து, காலையும் மாலையும் எண்ணி எண்ணிச் செய்ய வைத்தார். அறுவை பாதி வைத்தியம், அந்தப் பயிற்சி மீதிப் பாதி என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். போன வருஷம் உடற்கல்வி இயக்குநர் பணியிடம் நிரம்பியது. புதியவரிடம் பையன்களின் கோப்புகளையும், யார் என்றைக்குக் கடலுக்குப் போகிறார்கள் என்ற நோட்டையும், ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிற வேன்காரரின் நம்பரையும் ஒப்படைத்தேன். வெள்ளிக்கிழமை முழு ஆட்டத்தை அவர் அப்படியே தொடர்கிறார்.